வாக்கியத்தின் கடைசிச் சொல்: எங்கள் பக்கத்துத் தொழிற்பயிற்சிக் கல்லூரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிற கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றித் தருகிற வேலை. 28 வருஷமாக இதுதான் பிழைப்பு. உங்கள் கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் சண்டைக்கு வந்தவன் மாதிரி ஆகிவிடும். உங்களுக்கும் தெரியும், இந்தப் பக்கம் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், அது போதும்.

போன மாதம் ஒரு கூட்டம் போட்டீர்கள். வட்டாரத்தில் பட்டறை, கடை நடத்துகிறவர்கள் என்று எங்களில் ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டிருந்தீர்கள். டீ, பருப்பு வடை எல்லாம் நன்றாகவே இருந்தது. சீட்டுகள் வருஷா வருஷம் காலியாகக் கிடக்கின்றன, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் படிப்பில் நாட்டம் இல்லை, ஆள் சேராத மாலை வகுப்புகளையும் தையல், சித்திரம், டி.டி.பி. (கம்ப்யூட்டரில் டைப் அடித்துப் பக்கம் அமைப்பது) மாதிரியான கலைப் படிப்புகளையும் அடுத்த வருஷத்தோடு நிறுத்தலாமா என்று யோசிக்கிறோம் என்றீர்கள். எங்கள் கருத்தையும் கேட்டீர்கள். நான் எழுந்தேன், தட்டுத்தடுமாறி இரண்டு வாக்கியம் சொன்னேன், உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சந்தை மலையாளம் நன்றாக வரும். மைக்கைப் பிடித்துப் பேசுகிற மலையாளம் வராது. அன்றைக்குச் சொல்ல வந்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நாட்டம் இல்லை என்றீர்களே, காலையில் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போகிற பஸ்ஸில் ஒரு நாள் ஏறிப் பாருங்கள். படிக்கட்டில் நிற்கிற பையன்களின் பையை யாராவது இடித்தால் உள்ளே ஸ்பேனர் சத்தம் கேட்கும். கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போகிற பஸ்ஸிலும் அதே கதைதான். எல்லை தாண்டிப் போய், தனியாரிடம் காசு கட்டி, எலக்ட்ரீஷியனும் ஃபிட்டரும் வெல்டரும் படிக்கிறார்கள். அங்கே வாங்குகிற தேசியத் தொழிற்சான்றிதழும் உங்களிடம் வாங்குகிற சான்றிதழும் ஒன்றுதான். 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம். எலக்ட்ரீஷியனுக்கு அங்கேயும் இரண்டு வருஷம், இங்கேயும் இரண்டு வருஷம். வீட்டிலிருந்து மூன்று ஸ்டாப் தள்ளி உங்கள் கட்டடம் நிற்கிறது. அதைத் தாண்டித்தான் அந்த பஸ்ஸே போகிறது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

ஏன் என்று கேட்கிறீர்களா? ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன்.

வடகரப்பதிப் பக்கத்துப் பையன். தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்தவன். கணக்கில் நல்ல மார்க். உங்களிடம் எலக்ட்ரீஷியன் சேர்ந்தான், நாலே மாதத்தில் நின்றுவிட்டான். ஒரு நாள் சாயங்காலம் கடை வாசலில் வந்து நின்று, “மாமா, வேலைக்குச் சேத்துக்குவீங்களா?” என்றான். படிப்பு என்னாச்சு என்றேன். “அங்க எனக்கு ஒண்ணும் ஆவறதில்லீங்க” என்றான். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மற்றது எல்லாம் காயில் கட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

சேர்ந்த முதல் வாரம் ஆசிரியர் அவனைப் பார்த்து “லைட்டு கெடுத்து” என்றாராம். மலையாளத்தில் கெடுத்து என்றால் அணை. இவன் தான் எதையோ கெடுத்துவிட்டதாகப் பயந்து, “நானில்லைங்க சார்” என்றிருக்கிறான். வகுப்பே சிரித்தது, ஆசிரியரும் சிரித்தார். அதில் தப்பொன்றும் இல்லை. என்னிடம் சொன்னபோது நானும்தான் சிரித்தேன். பேச்சு மொழி ஒரு மாதத்தில் பழகிவிடும், பழகியும்விட்டது. எங்கள் பிள்ளைகள் பஸ்ஸிலும் திருவிழாவிலும் மலையாளம் கேட்டு வளர்ந்தவர்கள்தான். எழுத்துத்தான் பழகவில்லை. சுவரில் எழுதி ஒட்டியிருந்தது, கரும்பலகையில் எழுதியது, ரெக்கார்டு நோட்டில் எழுதச் சொன்னது எல்லாம் மலையாள எழுத்து. பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்துக் கோலம் போடுகிற மாதிரி எழுத்தை வரைந்துகொண்டு வந்திருக்கிறான். எழுத்து அழகாக இருக்கிறது என்று ஆசிரியர் ‘குட்’ போட்டாராம். என்ன எழுதினோம் என்று அவனுக்குத் தெரியாது.

இந்தத் தொழிலில் சாமான்களின் பெயருக்கு மொழிப் பிரச்சினையே கிடையாது. ஸ்பேனர் எல்லா ஊரிலும் ஸ்பேனர்தான். ஃபேஸ், நியூட்ரல், எர்த், மெகர், ஸ்டார்ட்டர் எல்லாம் அப்படியே. அதனால்தான் உங்கள் ஆசிரியர்களுக்கு, பையனுக்குப் புரிகிறது என்று தோன்றுகிறது. அவர் சொல்வதில் பாதிக்கு மேல் அவனுக்குத் தெரிந்த சொல். தெரியாதது கடைசியில் வருகிற சொல். தமிழிலும் சரி, மலையாளத்திலும் சரி, ‘செய்ய வேண்டும்’, ‘செய்யக் கூடாது’ என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் நிற்கும். மெயின் ஆஃப் செய்யாமல் மூடியைத் திறக்க... என்பது வரை எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். அடுத்து வருவது ‘அருது’ என்றால் திறக்கக் கூடாது, ‘ஆம்’ என்றால் திறக்கலாம். அந்தக் கடைசிச் சொல்லைப் படிக்கத் தெரியாதவனுக்கு இரண்டு பலகையும் ஒரே பலகைதான். 415 வோல்ட் ஓடுகிற இடத்தில் இது சின்ன விஷயமா என்று நீங்களே யோசியுங்கள்.

சரி, கடைக்கு வந்த பிறகு அவன் எப்படி இருந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். சித்தூரைத் தாண்டிக் கிழக்கே வந்தால் (பாலக்காட்டுச் சித்தூர்தான், ஆந்திராவில் இருப்பது வேறு) கேரளம் என்று சொன்னால் வெளியூர்க்காரன் நம்ப மாட்டான். தென்னை, பனை, நிலக்கடலை, எங்கே பார்த்தாலும் போர்வெல். ஆகவே நீர்மூழ்கி மோட்டார் எரிந்து வராத வாரமில்லை. எரிந்த மோட்டாரைத் திறந்தவுடனே காயிலை வெட்டி எறியத்தான் கை போகும். அங்கேதான் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். வெட்டுவதற்கு முன்னால் எந்த ஸ்லாட்டிலிருந்து (காயில் உட்காருகிற பள்ளம்) எந்த ஸ்லாட்டுக்குக் காயில் போகிறது, முனைகள் எங்கே சேர்கின்றன என்று வரைந்து வைக்க வேண்டும். 24 ஸ்லாட் மோட்டார் என்றால் ஒன்றிலிருந்து பன்னிரண்டு, இரண்டிலிருந்து பதினொன்று என்று போகும். அப்புறம் ஒரு காயிலை எடுத்துச் சுற்றுகளை எண்ண வேண்டும். கருகி ஒட்டிக்கொண்ட கம்பியை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணுவது அரிசியில் கல் பொறுக்குவதைவிடப் பொறுமை கேட்கும் வேலை. கம்பியின் மேல் உறையை உரித்துவிட்டு மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். ஒரு கேஜ் மாறினால் மோட்டார் ஓடும், ஆனால் சூடாகும், அடுத்த கோடையில் திரும்ப நம்மிடமே வந்துவிடும்.

அந்தப் பையன் முதல் நாளே எண்ணிய பிறகு இன்னொரு காயிலையும் எடுத்து எண்ணினான். ஏன் என்றேன். “ஒண்ணுல தப்பிருந்தா இன்னொண்ணுல தெரியுங்க” என்றான். நான் மூன்று வருஷம் கழித்துக் கற்றுக்கொண்ட பாடம் அது. நாட்டம் இல்லாத பிள்ளை என்று இவனையா சொல்கிறீர்கள்?

இதில் என் பங்குக் குற்றமும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அவன் படிப்பை விட்டது எனக்கு லாபம். நல்ல கை, குறைந்த சம்பளம். திரும்பிப் போய்ப் படி என்று ஒரு வருஷம் வரை நான் சொல்லவே இல்லை. இன்றைக்கு அவன் என்னைவிடச் சுத்தமாகக் காயில் கட்டுகிறான். ஆனால் வயர்மேன் பெர்மிட்டுக்கு எழுதிப் போட அவனிடம் கைத்திறமை மட்டும்தான் இருக்கிறது, காகிதம் இல்லை. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர வேண்டும் என்றாலும் அதே கதை. (உங்களுடையது மாதிரித் தொழிற்பயிற்சி நிலையத்தை எல்லா ஊரிலும் ஐ.டி.ஐ. என்பார்கள், கஞ்சிக்கோட்டிலோ ஐ.டி.ஐ. என்றால் டெலிபோன் ஃபேக்டரி. “பையன் ஐ.டி.ஐ.ல இருக்கான்” என்று யாராவது சொன்னால் வேலையா படிப்பா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.)

இப்போது நீங்கள் சொல்லப் போவது எனக்குத் தெரியும். தமிழில் பாடம் நடத்தப் புத்தகம் எங்கே, ஆள் எங்கே, அனுமதி எங்கே என்பீர்கள்.

புத்தகம் இருக்கிறது. சென்னை கிண்டியில் நிமி என்று ஒன்றிய அரசின் நிறுவனம் ஒன்று 1986-லிருந்து இயங்குகிறது. ஐ.டி.ஐ. பாடப் புத்தகங்களைத் தயாரிப்பதுதான் அதன் வேலை. உங்கள் வகுப்பில் நடத்துகிற எலக்ட்ரீஷியன் பாடத்தையே தமிழிலும் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். கோயம்புத்தூரில் ஒரு பையனிடம் வாங்கிப் பார்த்தேன். தமிழ் கொஞ்சம் கரடுமுரடுதான், சில இடங்களில் இங்கிலீஷே தேவலை. இருந்தாலும் ஸ்லாட், பிட்ச், சுற்று எல்லாம் படத்தோடு இருக்கிறது, செய்யலாமா கூடாதா என்பது தெளிவாக இருக்கிறது. உங்கள் நூலகத்தில் அதில் பத்துப் பிரதி வாங்கி வைக்க எவ்வளவு ஆகிவிடும்?

சட்டமும் எங்களுக்கு எதிராக இல்லை. கேரளத்தின் 1969-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டத்தைப் பாருங்கள். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், அந்த மொழியிலேயே பதில் வர வேண்டும் என்று அதில் இருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. தேர்வை இந்த மாநிலம் தமிழிலும் நடத்துகிறது. அரசு வேலைக்கு ஆள் எடுக்கிற பி.எஸ்.சி. தேர்விலும் மொழிச் சிறுபான்மையினருக்குத் தமிழில் வினாத்தாள் உண்டு. பத்தாவது வரைக்கும் தமிழ், அப்புறம் வேலைக்கான பரீட்சைக்கும் தமிழ். நடுவில் உங்கள் வாசலில் மட்டும்தான் அது அறுந்துபோகிறது. பொல்லாத மனசால் யாரும் செய்ததில்லை, யாரும் நினைத்துப் பார்க்காததால் நடந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். உங்கள் சேர்க்கை விண்ணப்பம்கூட ஒரு மொழியில்தான் வருகிறது. படித்தே இராத அப்பா அம்மா அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வருகிறார்கள். மோட்டார் கடையில் விண்ணப்பம் நிரப்பித் தருகிறோம், அதற்குக் காசு வாங்குவதில்லை.

என் அக்கா மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கே ஃபர்தர் எஜுகேஷன் காலேஜ் என்று ஒரு வகைக் கல்லூரி உண்டாம். பள்ளிக்கூடம் முடித்த 16 வயதுப் பிள்ளையும் வருவான், பகலெல்லாம் வேலை செய்த 50 வயதுக்காரரும் சாயங்காலம் வருவார். ஒரே கட்டடத்தில் ஒரு பக்கம் பிளம்பிங், இன்னொரு பக்கம் முடிதிருத்தம், மாடியில் போட்டோகிராஃபியும் மட்பாண்டமும். எனக்குப் பிடித்தது வேறொன்று. வெளிநாட்டிலிருந்து வந்து இங்கிலீஷ் சரியாக வராதவர்களுக்கு அதே கல்லூரியிலேயே ஈசோல் என்று மொழி வகுப்பு வைத்திருக்கிறார்களாம். அவளே முதல் வருஷம் அதில் சேர்ந்து படித்தவள். எங்கிருந்தோ போனவர்களுக்கு அவர்கள் அதைச் செய்கிறார்கள். நாங்கள் எங்கிருந்தும் வரவில்லை. சித்தூர் கொச்சி ராஜாவின் தாலுகாவாக இருந்த காலத்திலிருந்தே இங்கேதான் இருக்கிறோம்.

எங்களுக்கு மலையாளம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வேண்டும், எழுதவும் படிக்கவும் வேண்டும். அதைத் தெரியாமல் இந்த மாநிலத்தில் காலம் தள்ள முடியாது. வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் மலையாள எழுத்துக்கு என்று ஒதுக்குங்கள், நானே வந்து முதல் பெஞ்சில் உட்காருகிறேன். அது வரும் வரைக்கும் பையன் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறையில் நிற்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டு மொழியை ஒரே பட்டறையில் வைத்துப் புழங்குவது நடக்கிற காரியமா என்று கேட்டால், உங்கள் கையிலேயே பதில் இருக்கிறது. எங்கள் சித்தூர்ப்புழை போய்ச் சேருகிற பாரதப்புழைக் கரையில் பத்திரகாளி கோயில் கூத்துமாடங்களில் தோல்பாவைக்கூத்து நடக்கிறதே, பார்த்திருப்பீர்கள். 21 விளக்கு ஏற்றி வைத்து, ராத்திரி முழுக்க. பாவை ஆட்டுகிறவர்களைப் புலவர் என்கிறார்கள். அவர்கள் பாடுவது கம்பராமாயணம். பாட்டு தமிழ், விளக்கிச் சொல்வது மலையாளம் கலந்த பேச்சு. கம்பன் பாட்டைத் தலைமுறை தலைமுறையாக இப்படிக் கைமாற்றி வருகிறார்கள், மலையாளம் பேசுகிற குடும்பங்கள். ஷொர்ணூர்ப் பக்கம் கூனத்தறையில் போய்ப் பார்த்தபோது, தோலில் உளி வைத்துப் பொட்டுப் பொட்டாகக் குத்திக்கொண்டிருந்தவர் கம்பன் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே குத்தினார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவருக்கு நான் தமிழன் என்று தெரிந்ததும் பாட்டை நிறுத்தி, சரியாகச் சொல்கிறேனா என்று கேட்டார். அதைச் சொல்கிற அளவுக்கு நான் படிக்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

அதனால்தான் கலைப் படிப்புகளை நிறுத்துகிறோம் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு ஒப்பவில்லை. மோட்டார்க்காரனுக்கு இதில் என்ன என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். சித்திரம் வரையத் தெரிந்தவன்தான் காயில் டயகிராமை ஒழுங்காக வரைகிறான், அது ஒன்று. இன்னொன்று, டி.டி.பி. படிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த எல்லையில் கல்யாணப் பத்திரிகை ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம். கடை போர்டு, கட்சி ஃப்ளெக்ஸ், கோயில் நோட்டீஸ் எல்லாம் அப்படித்தான். இரண்டு மொழியிலும் தப்பில்லாமல் டைப் அடித்து அழகாக அமைக்கத் தெரிந்த ஒரு பெண்ணையோ பையனையோ எந்த ஃப்ளெக்ஸ் கடைக்காரரும் விட மாட்டார். நீங்கள் சொல்லித்தருவதோ மலையாள டைப்பிங் மட்டும். தமிழ்ப் பக்கம் எப்படி வருகிறது என்று நாட்டுக்கல் பக்கம் நின்று போர்டுகளைப் படியுங்கள். போன தேர்தலில் ஒரு வேட்பாளர் எங்களுக்கு ‘ஓட்டை’ போடச் சொல்லி ஊர் முழுக்கச் சிரித்தபடி நின்றார்.

தையல் வகுப்புக்கு ஆள் வரவில்லை என்பதும் உண்மைதான். நாலரை மணிக்கு வைத்தால் யார் வருவார்கள்? தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் வீடு திரும்பி, மாட்டைப் பார்த்து, சோறு வைக்கவே ஆறரை ஆகிவிடும். ஏழு மணிக்கு வைத்து, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் விட்டுப் பாருங்கள். ஒரு தடவை வைத்துப் பார்த்து, அதற்கும் வராவிட்டால் மூடுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. விண்ணப்பமும் பட்டறைச் சுவரில் இருக்கிற எச்சரிக்கைப் பலகைகளும் இரண்டு மொழியில் இருக்கட்டும். பலகையை மட்டும் இந்த மாதமே மாற்றுங்கள், மற்றது பொறுக்கலாம். அந்த நிமி புத்தகம் நூலகத்துக்கு வரட்டும். ரெக்கார்டு நோட்டைத் தமிழில் எழுதினாலும் கையெழுத்துப் போடுங்கள். திருத்த ஆள் இல்லை என்றால் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையே இருக்கிறது, அங்கே படிக்கிற ஒருவரை மதிப்பூதியத்துக்குக் கூப்பிடுங்கள். தொழில் சொற்களுக்கு நான் வருகிறேன், எனக்கு ஒன்றும் தர வேண்டாம், வடை போதும்.

அப்புறம் அந்தப் பையன். அவனை முதல் வருஷத்திலேயே திரும்ப உட்கார வைக்க வேண்டும் என்றாலும் சம்மதம் என்கிறான். வயது 18 ஆகிறது. முன்பே கற்ற திறனைச் சோதித்துச் சான்று கொடுக்கிற ஏற்பாடு இருக்கிறதே, ஆர்.பி.எல். என்று, அதற்கு அவனை அனுப்ப வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆனால் அவனுக்கு இரண்டு வருஷப் படிப்புத்தான் வேண்டும், எனக்குத் தெரியும். சேர்க்கை தொடங்கியதும் வேலையிலிருந்து அனுப்பி வைக்கிறேன். சனி, ஞாயிறு மட்டும் கடைக்கு வரட்டும்.

சட்டப்படி இதற்குத் தமிழில் பதில் கேட்கலாம். கேட்கவில்லை. மலையாளத்தில் அனுப்பினாலும் சரிதான். என் தங்கை மகள் மலையாள மீடியத்தில் படித்தவள், சாயங்காலம் கடைக்கு வந்து கணக்கு எழுதுகிறாள். போன வாரத்திலிருந்து அவள் அந்தப் பையனுக்கு பில் புக்கின் பின்பக்கத்தில் மலையாள எழுத்து எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். முதலில் எதைச் சொல்லிக்கொடுத்தாய் என்று கேட்டேன். ‘அருது’ என்றாள்.

இப்படிக்கு,
உங்கள் கூட்டத்தில் பாதியில் உட்கார்ந்த காயில்காரன்